ஏழாவது பாட்டு, முதல் இரவு

டயர் கடைக்குக் கீழே, நிலவறையில் என் வேலை.
மேலே சக்கரத் திருகுகளைக் கழற்றும் துப்பாக்கி
விர்ரென்று அலறும்போதெல்லாம்
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.
ரொவீகோவில் பிப்ரவரி.
போ ஆற்றின் மூடுபனி
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைத் தின்றுவிட்டிருக்கிறது.

மேசைமேல் இரண்டு இரவுகள்.
மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையில்,
பீட்கிழங்கு கொதித்த கூடத்தில்,
கல்லுப்பு என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட ராக் குழு
ஆயிரத்து நூறு பேர் முன்னால் வாசித்தது
இருபத்துநான்கு தடங்களாக.
டிரம்ஸுக்கு எட்டு.
நெவியோவின் குரலுக்கு ஒன்று,
அது உடைந்தால் என்று இன்னொன்று.
கூட்டத்துக்கு இரண்டு மைக்:
இடப்பக்கத் தூணில் ஒன்று,
பின்னால், பீர் மேசைக்கு மேலே ஒன்று.

கூட்டத்தைக் கடைசியில் தூவு, போதும்
என்பாள் பதிவுக் கம்பெனி ஃபுல்வியா.
பெயர் பொருத்தம் அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழாவது பாட்டு, முதல் இரவு,
இரண்டாம் சரணத்தில் நெவியோ மறந்துவிடுகிறான்.
தடுமாறவில்லை. மறந்தேவிட்டான்.
மைக்கில் மூச்சு மட்டும் விழுகிறது.
பாஸ் வாசிக்கும் புதுப்பையன் எர்மெஸ்
பயந்துபோய் ஒரே சுரத்தைப் பிடித்துத் தொங்குகிறான்.
டிரம்ஸ் மட்டும் கடன்காரன் மாதிரி
கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.
எட்டு ஆவர்த்தனம்.

"இரண்டாம் இரவிலிருந்து வெட்டி ஒட்டிவிடு.
யாருக்குத் தெரியப்போகிறது?"
வெட்டுவது எளிதுதான். அதே வேகம், அதே சுதி.
இரண்டாம் இரவில் சொற்களைத் தாளில் எழுதிக்
காலடியில் ஒட்டியிருந்தான்;
குனிந்து பாடுவது கேட்கும்.

ஒட்டுமிடத்தில் கைதட்டல் துள்ளுகிறதா என்று பார்க்க
எல்லாத் தடங்களையும் மூடிவிட்டுப்
பின்மைக்கை மட்டும் திறந்தேன்.

பிளாஸ்டிக் கோப்பைகள்.
யாரோ மீதிச் சில்லறை கேட்கிறார்.
ஒரு பெண்: "என் கோட்டு உன்னிடமா இருக்கு?"
இருமல்.
பிறகு, அந்த எட்டு ஆவர்த்தனத்துக்குள்,
பாடுகிறார் ஒருவர்.

உரக்க இல்லை.
முகம் மழிக்கும்போது முணுமுணுப்பதுபோல.
ஆனால் ஒரு சொல் விடாமல்.
அச்சிட்ட வரியில் "கதவு" என்றிருக்கும் இடத்தில்
"தாழ்ப்பாள்" என்கிறார்.

தாழ்ப்பாள் முதல் பிரதியில் இருந்த சொல்.
ஒன்பது வருடத்துக்கு முன், இதே நிலவறையில்
லோரிஸ் அப்படித்தான் எழுதி வந்தான்.
நெவியோவின் நாக்கில் நிற்கவில்லை, மாற்றினோம்.
டிரம்ஸ்காரன் அப்போது சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஆக, அந்தச் சொல்லை அறிந்தவர் மூன்று பேர்.
ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.
ஒருவன் மேடையில் வாய் திறந்து நிற்கிறான்.

லோரிஸ் போனது வேனுக்குள் நடந்த சண்டையில்.
டீசல் யார் போடுவது என்று தொடங்கி
யார் மனைவியிடம் யார் என்ன சொன்னது என்று முற்றி,
மொதெனா சுங்கச்சாவடியில் இறங்கி
பாஸ் கிட்டாரைக்கூட எடுக்காமல் நடந்தான்.
இப்போது கொமாக்கியோவில்
விலாங்கு மீன் கிடங்கில் கணக்கு எழுதுகிறானாம்.
பாட்டே கேட்பதில்லையாம்.
அப்படித்தான் சொன்னார்கள்.

பதினெட்டாயிரம் லிரா கொடுத்துச் சீட்டு வாங்கியிருக்கிறான்.
பீர் மேசையருகே,
நழுவிப் போக வசதியான இடத்தில் நின்றிருக்கிறான்.

மூன்று முறை ஓட்டிக் கேட்டேன்.
மேலே துப்பாக்கி அலறியது.
நான்காவது முறை.

வெட்டு சரிப்படவில்லை என்றேன் ஃபுல்வியாவிடம். பொய்.
நெவியோவின் மூச்சை அப்படியே விட்டேன்,
எர்மெஸின் பயத்தையும்.
பின்மைக்கை மூன்று டெசிபல் ஏற்றினேன்.
இன்னும் ஏற்றினால் ஆள் தெரிந்துவிடும்;
இறக்கினால் சில்லறை கேட்டவர் ஜெயித்துவிடுவார்.

ஆல்பத்தை முழுதாகக் கேட்க
நெவியோ வியாழக்கிழமை வந்தான்,
கோட்டைக் கழற்றவில்லை.
ஏழாவது பாட்டில் சிகரெட்டை அணைத்தான்.
"கூட்டம் பாடுதே, நல்லாருக்கு."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த ஆளுக்கு வரி தப்பு."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அணைத்த சிகரெட்டைத் திரும்ப எடுத்து
விரலிடையே உருட்டிக்கொண்டிருந்தான்.
"எங்கே," என்றான்,
"அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் ஓட்டு."