என் பக்கம்

ஐம்பதைத் தாண்டினால் வரும். எழுபதில் உறுமும்.
சத்துவாச்சாரி பைபாஸில் நியூட்ரலில் விட்டுக் கேட்டேன்.
இன்ஜின் அடங்கியது, அது அடங்கவில்லை.
டயர் இல்லை, டயர் புதுசு.
பின்சக்கர பேரிங்தான்.
தொண்ணூற்றொன்பது மாடல் மாருதி,
அதற்கு மட்டும் வயதாகாதா.

எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

"என் பக்கம்" என்றாள் ஜெசிந்தா, இடது சீட்டிலிருந்து.
"வலது" என்றேன்.
எனக்கு எல்லாமே வலதுதான்.
ஆறாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்தபோது
இரவல் தங்கச் சங்கிலி ஒன்றைக் கழுத்தில் போட்டார்கள்.
வீக்கம் வடிந்தது, சங்கிலி திரும்பிப் போனது,
கூடவே இடது காதும்.
ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
காட்பாடி ஸ்டேஷனில்
ஆட்கள் திரும்புவதைப் பார்த்துத்தான்
ரயில் வரும் பக்கம் திரும்புவேன்.

வலப்புறம் ஒடித்தால் பாரம் இடச்சக்கரத்தில் ஏறும்,
அப்போது சத்தம் கூடினால் கோளாறு இடதில்.
தெரியும்.
கிரீன் சர்க்கிளை நான்கு முறை சுற்றினேன்,
டிராஃபிக் போலீஸ்காரர் மூன்றாவது சுற்றில் விசிலை எடுத்தார்.
கூடத்தான் செய்தது.
கூடியதை விட்டுவிட்டுக் காதை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வலதைப் பிரித்தேன்.
பேரிங் இரண்டு, சீல், கிரீஸ்: எண்ணூற்று நாற்பது.
கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவி
விரலில் மாட்டிச் சுற்றினால்
வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஒரு குற்றமும் இல்லாமல்.
அதை அவளிடம் காட்டவில்லை.

திங்கட்கிழமை, பாலாற்றுப் பாலம், கீழே மணல்,
அதே உறுமல்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
என் பக்கக் கண்ணாடியில் பட்டுத் திரும்பித்தான் எனக்கு வரும்.
கண்ணாடி இறக்கியிருந்தால் அதுவும் இல்லை,
பாதிப் பேச்சு ரோட்டில் இறங்கிவிடும்.

அடுத்த ஞாயிறு, தொரப்பாடி வீட்டு வாசல்.
எட்டு மணிக்கே சிமெண்ட் தரை சுடுகிறது.
முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து
இடது பின்னை ஜாக்கியில் தூக்கினேன்.
மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை.
சக்கரத்தைச் சுழற்றிவிட்டு
சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரல்களை வைத்தேன்.
ஏந்திரத்தில் கேழ்வரகு உடைவது மாதிரி
கரகரவென்று மணிக்கட்டு வரை ஏறியது.
விரல்களுக்கு இடம் வலம் தெரிகிறது.

டஸ்ட் கேப், ஸ்பிளிட் பின்,
ஊர்க் கோட்டை மதில் மாதிரி பல் வைத்த நட்டு.
டிரம் வரவில்லை, துரு பிடித்துக்கொண்டிருந்தது.
அதிலேயே இருக்கும் இரண்டு துளைகளில்
எட்டு எம்.எம். போல்ட்டுகளைப் போட்டு
இதைக் கால் சுற்று, அதைக் கால் சுற்று.
ஒரு டீ ஆறும் நேரம். பிறகு டொக்கென்று விட்டது.
உள் பேரிங்கில் கிரீஸ் காப்பி டிகாக்ஷனாகியிருந்தது,
எந்த மழையில் புகுந்த தண்ணீரோ.
குண்டுகள் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்புகள்.

புதியதை அடித்து இறக்கப்
பழையதன் வெளிவளையம்தான் உதவியது.
வெளிவிளிம்பில் மட்டும் தட்டவேண்டும்,
உள்வளையத்தில் அடி விழுந்தால்
இதுவும் ஆறு மாதத்தில் பாட ஆரம்பிக்கும்.
லாரிப் பட்டறை ரியாஸிடம் டார்க் ரெஞ்ச் இரவல்.
"போன வாரமே வாங்கிட்டுப் போனீங்களே" என்றான்.
ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அவளை ஓட்டச் சொல்லிவிட்டு
நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன்.
பாகாயம் தாண்டி ஐம்பது, அறுபது, எழுபது.
உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
அவள் பேசிக்கொண்டே வந்தாள்,
ஹெச்.எம். மாற்றலாகிப் போவது,
சிலிண்டர் இன்னும் வராதது,
அவள் தம்பி வாங்கிய மனை.
ஒரு சொல் சிந்தாமல் நல்ல காதில் நேராக.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்,
காருக்குள் அவள் குரல் இவ்வளவு கரகரப்பென்று
எனக்குத் தெரியாது.

"மூணாவது கியர்ல ஏதோ முனகுது, கேக்குதா?" என்றாள்.
கேட்டது.
எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை.