கஞ்சிக்கு ஆகாத கிண்ணம்

ஜனவரிக் காற்று கின்டயர் தீபகற்பத்தை
இரண்டு இரவு உலுக்கியது.
மூன்றாம் நாள் காலை மர்டினா தொலைபேசியில்:
"கோழிக்கூண்டின் மேல் மரம்.
மூன்று போய்விட்டன.
ரம்பத்தை எடுத்துக்கொண்டு வா."

என்ன மரம் என்று கேட்டேன்.
"விழுந்த மரம்" என்றாள்.

அந்த வீட்டுக்கு அவள் வந்தது போன செப்டம்பரில்.
ஐவிக் கொடி கழுத்துவரை ஏறி
வருஷக்கணக்கில் பூக்கவிடாத மரத்தை
அக்கம்பக்கத்தில் யாரும் பெயர் சொல்லி அறிந்திருக்கவில்லை.
தபால்காரர் டூகல் வால்நட் என்றார்,
விற்றால் என்ன வரும் என்ற கணக்கோடு.
சாலை செப்பனிடும் லாக்லன் எல்ம் என்றார்.
அவருக்கு எல்லா மரமும் எல்ம்தான்,
எல்ம்கள் நோயில் செத்து இத்தனை காலமான பிறகும்.

நான் வாய் திறக்கவில்லை.
வெட்டுமுகம் எலுமிச்சைப் பச்சை.
ஈரம். அவரைக்காய் ஒடித்தாற்போல் ஒரு வாசம்.
வார முடிவில் அதே முகம் தேன் நிறம்,
மாத முடிவில் கடுங்காப்பி.

சவர பிளேடால் குறுக்கே மெல்ல ஒரு சீவல்,
எச்சில் தொட்டுத் தடவி
பத்து மடங்கு லென்ஸில் கண்ணை ஒட்டினேன்.
வசந்தத்தின் துளைகள் பெரிதாக, வரிசையில் நின்றன.
கோடையின் துளைகள் சிறுத்து, கூடி,
காற்றுக்குச் சாயும் அடுப்புச் சுவாலைபோல்
அலை அலையாக ஒதுங்கின.
எல்மிலும் இப்படி அலை உண்டு.
லாக்லன் ஜெயித்துவிட்டாரோ என்று
ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் பட்டையிலிருந்து ஐவி வேர்களை உரிக்கையில்
உள்ளே ஒரு நெற்று,
எந்த வருஷத்ததோ, முறுக்கிக் காய்ந்தது.
நான்கு கறுப்பு விதைகள்.

லேபர்னம்.
மே மாதத்தில் மஞ்சளைச் சரம் சரமாகத் தொங்கவிடுவது.
பூ கண்ணுக்கு, விதை கல்லறைக்கு.
எச்சில் தொட்ட விரலை
மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மர்டினா கேட்டிருந்தது
காலைக் கஞ்சிக்கு ஒரு கிண்ணம்.

முகமூடி மாட்டி, கடைசல் இயந்திரத்தை ஓட்டினேன்.
பச்சை மரம் உளிக்கு மறுப்பு சொல்வதில்லை;
நாடா நாடாவாகக் கழன்று
என் சட்டைக்கைக்குள் போய்ச் சுருண்டது.
சுவரைக் கட்டைவிரல் தடிமன் விட்டு,
நார் முடியும் பக்கங்களில் மெழுகு பூசி,
காகிதப் பையில் கட்டிப் படிக்கட்டடியில் வைத்தேன்.
ஒவ்வொரு ஞாயிறும் எடை பார்த்தேன்.
எடை இறங்காமல் நின்ற ஞாயிறு ஜூன் பிறந்திருந்தது;
கிண்ணம் வட்டத்திலிருந்து கொஞ்சம் முட்டையாகியிருந்தது.
மீண்டும் ஏற்றி, மெல்லிசாக்கி, எண்ணெய் கொடுத்தேன்.
விளிம்பில் மட்டும் வெண்ணெய் நிறத்தில் ஒரு வளையம்,
உள்ளே முழுக்க வைரம், இருட்டு.
அடியில் சூடுகோலால் எழுதினேன்:
லேபர்னம். விழுந்த தேதி. உண்ண அல்ல.

கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தாள் மர்டினா.
"உண்ணக் கூடாதென்றால்
கிண்ணம் என்று ஏன் சொல்கிறாய்?"

எனக்குப் பதில் வரவில்லை.
வேறு மரத்தில் ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.
"அது என் மரம் இல்லையே" என்றாள்.

ஆகஸ்டில் புதுக் கூண்டுக்குக் கதவு மாட்டப் போனேன்.
புதுக் கோழிகளின் காலில் பச்சை வளையங்கள்.
சமையலறை ஜன்னலோரம் அந்தக் கிண்ணம்.
அதற்குள் பிளாஸ்டிக் வளையங்கள் மூன்று:
ஒரு சிவப்பு, இரண்டு நீலம்.
எப்போது கழற்றி எடுத்தாளோ.

தேநீருக்கு வந்திருந்த லாக்லன்
கிண்ணத்தைத் தூக்கி, காதருகே ஆட்டிப் பார்த்து,
விரல்கணுவால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்ல எல்ம்" என்றார்.

மர்டினா என்னைப் பார்த்தாள்.
பிறகு அவர் கோப்பையில்
இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.