கையில் ஒன்று

இரவு ஒன்றரைக்குக் கீழ்ப்பாக்கத்தில்
இருமல் மருந்து கேட்டு யாரும் வருவதில்லை.
வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள்,
முகத்தை எங்கோ விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.
சலைன், ஊசி, பஞ்சு, பிளாஸ்டர்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடை.
இதன் ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை.

ஆளில்லாத நேரத்தில் கணக்குப் போடுவேன்.
பில் மெஷின் துப்பும் வெற்றுத் தாளில்
கடைசி பில்லின் தொகையை எழுதி
அதையே திருப்பிப் போட்டுக் கூட்டி
வந்ததைத் திருப்பி மறுபடி கூட்டி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே எண்ணாய் வாசிக்கும் வரை.
விகடகவி மாதிரி.
தேரு வருதே மாதிரி.

57 நல்ல பிள்ளை.
75ஐச் சேர்த்தால் 132, அதோடு 231,
363. முடிந்தது, டீ குடிக்கப் போகலாம்.
89 படுத்தும்.
இருபத்து நான்கு படி ஏறி, மூச்சு வாங்கி,
8813200023188 என்று வந்து நிற்கும்,
யாரோ அவசரத்தில் தப்பாய்ச் சொன்ன போன் நம்பர் போல.
ஆனாலும் நிற்கும்.

196 நிற்கவில்லை.
ஐப்பசியில், கடைக்குள் கணுக்கால் தண்ணீர் ஏறிய இரவில் தொடங்கியது.
887. 1675. 7436. 13783.
ரோல் தீர்ந்து அடுத்த ரோல்.
"பேப்பர் என்ன விலை தெரியுமா ரெபெக்கா?" என்றார்
முதலாளி தாஜுதீன்.
தெரியும். என் காசில் ஒன்று வாங்கி வைத்தேன்.
கம்ப்யூட்டர்கள் கோடி இலக்கம் தாண்டிப் போய்ப் பார்த்தும்
நிற்கவில்லையாம்.
நிற்காது என்று நிரூபித்தவரும் இல்லையாம்.
இன்னொரு ரோல் வாங்க
இந்த இரண்டாவது போதும் எனக்கு.

நேற்று ஒருவர்.
மாதவரத்தில் பால் வேன் ஓட்டுகிறாராம்.
சீட்டில்: ஜெயசுதா, 34, ஐ.சி.யூ.
பில் நூற்றுத் தொண்ணூற்றாறு.
நானே இரண்டு முறை பார்த்தேன்.
இருநூறு கொடுத்தார், சில்லறை இல்லை,
தேடும்போது ரோலைப் பார்த்தார்.
"சீட்டுக் கணக்கா?"
சொன்னேன். பேனா கேட்டார்.
ஒரு கையில் மருந்துப் பை.
இன்னொன்றில் பெண் செருப்பு, ஒரு ஜோடி.
கவுண்டரில் வைக்கப் பார்த்து, கூசி,
அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

ஆறும் ஒண்ணும் ஏழு.
ஒம்பதும் ஒம்பதும் பதினெட்டு, எட்டு.
ஒண்ணும் ஆறும் ஏழு.
787.
இடமிருந்து படித்தார், வலமிருந்து படித்தார்.
"வந்துருச்சும்மா."

கையில் ஒன்றை விட்டுவிட்டார்.
பதினெட்டுக்கு எட்டைப் போட்டு, கையில் ஒன்று,
இரண்டாம் வகுப்பில் ஒரு விரலை மடக்கி
மறக்காமல் வைத்திருப்போமே, அது.
அந்த ஒன்று போய்ச் சேர்ந்துதான்
கடைசி ஏழு எட்டாகிறது,
எல்லாம் கோணிக்கொள்கிறது.

இத்தனை ரோலில் எனக்கு இது படவில்லை.
கையில் எதையும் வைத்துக்கொள்ளாவிட்டால்
எந்த எண்ணும் முதல் கூட்டலிலேயே
மாலைமாற்றாகிவிடும்.
89கூட. அதுவும் ஒரே படியில்.

சொல்லியிருக்கலாம்.
மூன்று நாளாய் எதுவும் வராத குரலில்
ஏதோ வந்துவிட்டிருந்தது.
"சரிதாண்ணே" என்றேன்.
பதினொரு வருடக் கடையில்
தப்பான கணக்குக்குச் சரி சொன்னது
அதுதான் முதல் தடவை.

நாலு ரூபாய் கடைசிவரை அகப்படவில்லை.
"கையில வெச்சிருங்க, விடிஞ்சதும் வாங்கிக்கறேன்."
செருப்பை மறுபடி கைக்கு மாற்றிக்கொண்டு
சிக்னல் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினார்.

ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது
பெனாசிரிடம் நாலு ரூபாயைக் கொடுத்தேன்.
பால் வேன்காரர், வருவார்.
"வரவில் எழுதவாக்கா?"
வேண்டாம்.
கையில் வை.