நியூட்ரல்

மூன்று பயிற்சிப் பள்ளிகளிலும் ஒரே கேள்வி:
ஸ்கூட்டி போதாதா மேடம்?
நாலாவதில் கேட்கவில்லை.
முழங்கை நீளத் தழும்போடு ஃப்ளோரா
மட்கார்டு நசுங்கிய பழைய நூறு சிசியைக் காட்டினாள்.

உப்பளம் மைதானத்தில் மூன்று நாள்
ஓட்டவே விடவில்லை.
தள்ளு. சாய். கீழே போடு. தூக்கு.
"யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சுத் தூக்குங்க."

பிறகு வண்டி தேடினேன்.
முத்தியால்பேட்டையில் ஒன்று, சிவப்பு, கண்ணைப் பறித்தது;
ஏறி உட்கார்ந்தால்
கால்விரல் நுனி மட்டும்தான் தரையில்.
சாரத்தில் இன்னொன்று:
டேங்கில் ஒடுக்கு,
யாரோ பாதி பிய்த்த முருகன் ஸ்டிக்கர், வேல் மட்டும் மிச்சம்.
இரண்டு பாதமும் முழுதாய் ஊன்றின.
இருபத்தெட்டாயிரம்.
பேரம் பேச மறந்துபோனேன்.

நேற்று நைட் டூட்டி முடிந்து வரும்போது
நெல்லித்தோப்பு சிக்னலில், பச்சை விழுந்ததும்,
ஆஃப் ஆகிவிட்டது.
பின்னால் டெம்போ, விழுப்புரம் பஸ், ஒரு கல்யாண வேன்.
எல்லா ஹாரனும்
என் பெயர் தெரிந்தே கூப்பிடுவதுபோல.

கிளட்ச்சைப் பிடித்தேன்.
காலால் ஒரு தட்டு. அதிகம்.
திரும்ப, அரைத் தட்டு.

அதற்குள் சாலைக்குச் சிவப்பு விழுந்திருந்தது.
என் மீட்டருக்குள் மட்டும்
கடுகளவு பச்சை.

இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.
அடிக்கட்டும்.