என் எண்

செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம்.
பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் உறைந்த பனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கைபேசி அடித்தது. நெப்ராஸ்காவிலிருந்து யாரோ.
"எதற்கு என்னைக் கூப்பிட்டாய்?" என்றார்,
எடுத்த எடுப்பில்.
நான் கூப்பிடவில்லை.
"இது உன் எண்தானே?"
ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டினார்.
என் எண்தான்.
பதினாறு வருடமாக என் எண்.

மதியத்துக்குள் ஒன்பது பேர்.
இருட்டுவதற்குள் முப்பத்தொன்று.
ஒருவர் வைதார். ஒருவர் வேதம் ஓதினார்.
ஒருவர் ஒன்றும் பேசாமல்
நான் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தொலைபேசி நிறுவனத்துப் பெண் பொறுமையாகச் சொன்னாள்:
எதுவும் திருடு போகவில்லை அம்மா,
எந்தப் பூட்டும் உடையவில்லை,
யாரோ உங்கள் எண்ணை முகமூடியாக மாட்டியிருக்கிறார்கள்,
சில நாளில் கழற்றி எறிந்துவிடுவார்கள்,
வேண்டுமானால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

எப்படி மாற்றுவேன்?
லூயிஸ்டன் நகரத்தில் நாற்பத்தொரு வீட்டின்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது அது.
ஆற்றுப்பாலம் உறைந்து பேருந்து தாமதமானால்
லிபானின் அம்மா
அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அழைப்பாள்.

வியாழன் மாலை வந்த அழைப்பில் கோபமே இல்லை.
"ஐயா இல்லையா?" என்றது ஒரு பெண்குரல்.
"ஆறு அட்டைகளின் எண்களும் சொல்லிவிட்டேன்.
பிடியாணையை எப்போது ரத்து செய்வார்?"
பின்னணியில் காரின் சிக்னல் விளக்கு
டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.
கடை வாசலில் நிற்கிறாளாம்.
ஒவ்வொன்றும் ஐந்நூறு டாலர் பரிசு அட்டை.
சாம்பல்நிறப் பூச்சை வீட்டுச் சாவியால் சுரண்டியிருக்கிறாள்.
ஏழாவது கையில் இருக்கிறது.

சுரண்டாதீர்கள் என்றேன்.
நான் போட்ட சத்தத்தில் பின் இருக்கைகள் எதிரொலித்தன.

"உங்களை ஏன் நம்ப வேண்டும்?" என்றாள்.
"இதே எண்ணிலிருந்துதானே அவரும் பேசினார்."

அந்தக் கேள்விக்கு
இந்த வாரம் முழுக்க யோசித்தாலும் பதில் இல்லை.

நம்பாதீர்கள் என்றேன்.
என்னையும் நம்பாதீர்கள்.
முதலில் இந்த அழைப்பைத் துண்டியுங்கள்.
வங்கி அட்டையை எடுத்துத் திருப்புங்கள்,
பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும்,
அதை உங்கள் விரலால் நீங்களே அழுத்துங்கள்.
யார் என்ன எண் கொடுத்தாலும் வேண்டாம்,
நான் கொடுத்தாலும் வேண்டாம்.

டிக் டிக். டிக் டிக்.
"உங்கள் பெயர் என்ன?"

சொல்ல வாயெடுத்தேன்.
பெயர், பிறந்த தேதி, அம்மாவின் குடும்பப் பெயர்,
கேட்டவர்க்கெல்லாம் கேட்டதும் கொடுத்த வாய் இது.
நாக்கு நுனியில் நின்றுவிட்டது.
அவளும் தன் பெயரைச் சொல்லவில்லை.
அதுதான் சரி என்று இருவருக்குமே பட்டிருக்க வேண்டும்.
சிக்னல் சத்தம் அறுந்தது.

வெள்ளி காலை
கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு நிற்கையில்
என்னை நானே அழைத்தேன்.
திரையில் ஓடெட் மிஷோ,
சிவப்புக் கம்பளித் தொப்பியில் என் படம்,
என் எண்.
எடுத்தால் யார் குரலில் பேசுவேன்?
அடித்து ஓயட்டும் என்று
கையுறைக்கு அடியில் வைத்தேன்.
பொத்திய பூச்சி போல அதிர்ந்தது.

பிறகு குரல்பெட்டியைத் திறந்து
என் பெயர் சொல்லும் பழைய பதிவை அழித்தேன்.
இப்போது அது "செய்தியை விடுங்கள்" என்கிறது,
அவ்வளவுதான்.

தெரியாத எண் எதையும் நான் இப்போது எடுப்பதில்லை.
ஏழாவது அட்டை என்னவாயிற்று என்று
சொல்ல நினைத்து
அவள் கூப்பிட்டிருந்தால்,
அதையும்தான் எடுத்திருக்க மாட்டேன்.