இருபத்தொன்பதாம் சுற்று

பெயர் படிப்பது என் வேலை.
நாற்பது பெயர்கள்,
ஆபெலில் தொடங்கி ஸீக்லரில் முடியும்.
பதினெட்டு நாளாகப் படிக்கிறேன்,
தூக்கத்திலும் படிக்கிறேனாம்.
ஒரு நாள் பாதி உறக்கத்தில்
என் கணவரே பதில் சொல்லியிருக்கிறார்:
'கெல்னர்.'

இந்தத் தலைநகருக்குச் சாலை கிடையாது.
ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பசிபிக்,
நடுவில் சட்டமன்றம்.
கோபித்துக்கொண்டு வெளியேறுபவர்
அடுத்த விமானம் வரும்வரை
கோபத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

வென்ற கட்சிக்கு இருபத்திரண்டு இடம்.
அதில் பதினேழு கெல்னருக்கு, ஐந்து ஸ்வெட்சோவுக்கு.
எதிர்க்கட்சியின் பதினெட்டும் ஒட்டிலி ப்ராந்துக்கு,
தோற்றுப் பழகியவர்களின் பொறுமையோடு.
வேண்டியது இருபத்தொன்று.

கெல்னரும் ஸ்வெட்சோவும்
சால்மன் பருவத்தில் ஒரே படகில் கூலி வாங்கியவர்கள்.
ஒருவர் திருமணத்தன்று மோதிரம்
மற்றவர் சட்டைப்பையில் இருந்தது.
இப்போது காப்பி இயந்திரத்தின் முன்
ஒருவர் கோப்பை நிரம்பும்வரை
மற்றவர் தீயணைப்புக் கருவியின்
உபயோகக் குறிப்பை ஊன்றிப் படிக்கிறார்.

கொள்கை வேறுபாடா என்று நிருபர் கேட்டாள்.
ஆமாம், பட்டியலே தருகிறேன் என்றார் கெல்னர்.
அது இன்னும் வரவில்லை.
காதுக்கு வந்தது வேறு பட்டியல்:
நிதிக்குழு யாருக்கு,
கடல் தெரியும் மூன்றாம் மாடி அறை யாருக்கு,
ஆறு வருடம் முன்பு ஒரு விருந்தில்
யார் வந்தபோது யார் எழுந்திருக்கவில்லை.

மேடையில் அந்த நாற்காலி.
லின்ட்லோஃப் தினமும் விடியலில் துடைக்கிறார்.
மாலைக்குள் தூசு வந்து அமர்ந்துவிடுகிறது,
அறுதிப் பெரும்பான்மையோடு.

இருபத்து மூன்றாம் சுற்றில்
யாரோ ஒரு குறும்பர் என் பெயரைச் சொன்னார்.
சபை சிரித்தது.
இரு அணியும் எதிர்க்கட்சியும்
சேர்ந்து செய்த ஒரே காரியம்.
பதிய வேண்டியது என் கடமை:
மார்த்தா ஹேகன், ஒன்று.
கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினேன்.

தீவுப் பள்ளியிலிருந்து ஒரு தடித்த உறை
என் மேசையில் கிடக்கிறது.
'மாண்புமிகு சபாநாயகர்' என்று முகவரி.
அப்படி ஒருவர் இல்லை,
பிரிக்க எனக்கு அதிகாரமும் இல்லை.
பின்பக்கம் பென்சிலில், குழந்தைக் கையெழுத்து:
குளிர்கிறது.

சனிக்கிழமை ஐவரில் மூவர் ஊருக்குப் பறந்தார்கள்.
ஞாயிறு இரவு மூடுபனி இறங்கியது.
திங்கள் காலை ஓடுபாதையே தெரியவில்லை.
கெல்னர் முகத்தில் மட்டும் வெயில்.
மூன்று பகை தொலைந்தது,
மிச்சம் இரண்டும் பணியும் என்று கணக்கு.
உடனே வாக்கெடுப்பு வேண்டும் என
எழுந்தவர் அவரேதான்.

படித்தேன்.
ஸ்வெட்சோ தன் முறை வந்ததும்
ஜன்னல் பக்கம் திரும்பினார்.
பனியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.
'வந்திருக்கிறேன்' என்றார்,
யார் பெயரையும் சொல்லாமல்.
ஐவரில் இன்னொருவரும் அதையே சொன்னார்.

தற்காலிகத் தலைவர்
விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை.
பெயர் சொல்லாதது கணக்கில் வராது.
செல்லும் வாக்கு முப்பத்தைந்து.
பாதியைத் தாண்டப் பதினெட்டு போதும்.

கெல்னர் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணினார்.
படகு படகாக மீன் எண்ணியவர்,
ஒரு முறைக்கு மேல் எண்ணவில்லை.

ஒட்டிலி ப்ராந்த் உடனே எழவில்லை.
பதினெட்டு நாளில் ஒரு ஸ்வெட்டரின் முதுகும்
ஒரு கையும் பின்னியிருந்தார்.
ஊசிகளைப் பைக்குள் வைக்க
நேரம் பிடித்தது.

மேடையேறியதும் உறையைக் கொடுத்தேன்.
நின்றபடியே பிரித்தார்.

பதிவேட்டில் வென்றவருக்கு ஒரு கட்டம் உண்டு,
முன்மொழிந்தவருக்கு ஒன்று.
வெல்லவைத்தவருக்கு இல்லை.

மூன்றாம் மாடியில் கதவுகள் அறையும் சத்தம்.
நாளை காலை அவர்கள் கட்சிக்குள்
தலைவர் தேர்தலாம்.
பெயர் படிக்க ஆள் கேட்டு
இப்போதே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்,
தனித்தனியாக.