ஒருக்களித்து

சின்ன வீராம்பட்டினத்தில் ஓர் இரவுக்கு
ஆறாயிரம் ரூபாய் வீடு.
மாடியில் பிளாஸ்டிக் புல்.
பெலிக்ஸுக்கு இருபத்திரண்டு முடிகிறது.
கேக்கைத் தின்றதைவிடப் பூசிக்கொண்டது அதிகம்.

கடலூரில் தேவநாதன் கூச்சக்காரன்.
பாலம் தாண்டி முள்ளோடை வந்ததுமே
குரல் மாறிவிடும்.
எல்லைக்கு இந்தப் பக்கம்
சரக்கு விலையோடு சேர்ந்து
அவன் வெட்கமும் இறங்கிவிடும் என்று
நாங்களே சொல்லிச் சிரித்திருக்கிறோம்.
நானும்தான். நானும் இரண்டு குடித்தேன்.
மூன்றாவதைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினேன்,
நல்ல புத்தியால் இல்லை,
வாடை பிடிக்கவில்லை.

"ஒரே மூச்சு! ஒரே மூச்சு!"
அண்ணாந்த தொண்டையில் குரல்வளை
ஏறி இறங்கியது.
கைதட்டினோம்.
தட்டாத கைகள் படம் எடுத்தன.
அவன் ஃபோன் மட்டும் மூலையில் சார்ஜில் கிடந்து
அம்மா அம்மா என்று மினுக்கி
அணைந்தது.

மணி இரண்டேகால்.
பாட்டு நிற்கவில்லை, ஆடத்தான் ஆளில்லை.
குளியலறை வாசலில் மல்லாந்து கிடக்கிறான்.
"தூங்கட்டும் விடு" என்றாள் ஜோஸ்லின்.
மோர் குடு என்றது ஒரு குரல்.
எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழம் என்று
இல்லாத பிரிட்ஜைத் தேடிப் போனான் ஒருவன்.
"குறட்டை விடுறான்ல, அப்புறம் என்ன?"

அது குறட்டை இல்லை.
நடுவில் ஓட்டை இருந்தது.
அந்த ஓட்டைக்குள்
ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒன்பதுவரை எண்ண முடிந்தது.

சிப்காட்டில் சேர்ந்த மாதம்
பாதுகாப்பு வகுப்பில் ரப்பர் பொம்மையைக் காட்டி
ஒருக்களித்துப் போடு, வாய் தரையைப் பார்க்கட்டும்
என்றார்கள்.
கொட்டாவி விட்டபடி கற்றேன்.
பொம்மைக்கு வியர்க்கவில்லை.
பொம்மை இவ்வளவு கனக்கவில்லை.
நனைந்த வலையை இழுப்பதுபோல் இழுத்துப் புரட்டினேன்.
வந்தது எல்லாம்:
இறால் சோறு, கேக்கின் ரோஜா நிறம்,
நாங்கள் கைதட்டியது.
விரலை விட்டு வழித்தேன்.

"நூத்தியெட்டு வேணாம். போலீஸ் வரும்.
எங்கப்பா கொன்னுடுவாரு"
பெலிக்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.
இடது கையால் அழைத்தேன்.

அந்தத் தெருவில் எல்லா வீடும் வாடகை வீடு,
எல்லா வீட்டிலும் நீல விளக்கு.
ஆம்புலன்ஸ் இரண்டு முறை எங்களைக் கடந்து போனது.
மூன்றாம் முறை
பெலிக்ஸ்தான் ஓடினான்,
தலையில் காகிதக் கிரீடம்,
முகத்தில் காய்ந்த கிரீம்,
நடுத்தெருவில் ஃபோன் வெளிச்சத்தை ஆட்டி ஆட்டி
"அண்ணே, இங்க, இங்க!"

பெரியாஸ்பத்திரியில் கேட்டார்கள்:
"பேஷண்டுக்கு யாரு?"
பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
"எத்தினி குடிச்சான்?"
தெரியவில்லை.
"உண்மையச் சொல்லுங்கம்மா, எத்தினி?"
உண்மையாகவே தெரியவில்லை.

அப்புறம் ஜோஸ்லின் தன் ஃபோனை நீட்டினாள்.
தலையைக் குனிந்து, நர்ஸ் உட்பட,
எல்லோரும் பார்த்தோம்.
சத்தத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை.
வெள்ளைக் குழல்விளக்கின் கீழே
ஒரே மூச்சு, ஒரே மூச்சு.
நர்ஸ் பேனா முனையால் எண்ணினார்.
ஆறு. அடுத்த வீடியோ போடு. ஏழு.
"இது யாரு, இவ்ளோ சத்தமா கத்துறது?"

நான்.

விடியும்போது அவனுக்கு இரண்டாம் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.
வெள்ளைத் திரவம்,
சொட்டு, சொட்டு, அவசரமே இல்லாமல்.
அவன் ஃபோன் என் பையில் நடுங்கியது.
இந்த முறை எடுத்தேன்.

"தேவா? ராத்திரியெல்லாம் அடிச்சேனே...
ஓ, அவன் கூட வேலை பாக்குற பொண்ணா?
தூங்குறானா?"

ஜன்னலுக்கு வெளியே டீக்கடை பாலைப் பொங்கவிட்டிருந்தது.
சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.

"தூங்குறான்மா.
ஒருக்களிச்சுத்தான் படுத்திருக்கான்.
நீங்க கொஞ்சம் உட்காருங்க, சொல்றேன்."